மரியநாயகி பாடாமல் விட்டது

குருநகரில் ஒரு சாவு விழுந்தால் முதலில் சுவாமியாருக்கு ஆள் போகும், அடுத்தது மரியநாயகிக்கு. சில வீடுகளில் இந்த வரிசை மாறியும் நடந்ததுண்டு. சுவாமியார் வந்து செபம் சொல்லி ஆத்துமத்தை அனுப்பி வைப்பார், அது அவருடைய வேலை. இடிந்துபோய்க் கல்லாய் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரரை வாய்விட்டு அழவைக்க மரியநாயகிதான் வரவேண்டும். மீன் கடகத்தை வாசலில் இறக்கிவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் அவள் குந்தியதும் வீடு அடங்கிவிடும். காலமை முழுக்கச் சந்தையில் விலை கூவிக் கரகரத்த தொண்டை அது. அந்தத் தொண்டையிலிருந்து ஒப்பு வரும்போது தெருவில் சும்மா போனவனும் சைக்கிளை நிறுத்துவான்.

ஒப்பு என்றால் வெறும் அழுகை என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது ஒரு வழக்கு. செத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உன் சாவுக்கு இன்னார் இன்னார்தான் பொறுப்பு என்று பாட்டிலேயே ஒவ்வொருவராய்க் கூண்டில் ஏற்றுவது. எண்பது வயதில், படுத்த பாயில், ஒரு நோவுமில்லாமல் போன சிமியோன் கிழவனுக்குக்கூட மரியநாயகி ஐந்தாறு குற்றவாளிகளைக் கண்டுபிடித்தாள். மருந்து கொடுத்த பரியாரியார், சுருட்டு விற்ற கடைக்காரர், கண்ணை மூடிக்கொண்ட மாதா, ஒருவரும் தப்பவில்லை. கடைக்காரர் முன்வரிசையில் நின்று விம்மி விம்மி அழுதார். அடுத்த நாள் அவளைக் கண்டதும், “வா நாயகி, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்று கூப்பிட்டார். கோபம் வந்தது பாட்டில் இடம் கிடைக்காத மருமகளுக்குத்தான்.

“எல்லாரையும் ஏசினாய், என்னை மட்டும் ஏன் விட்டனி? நான் அந்தாளுக்கு ஆருமில்லையோ?” என்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் மரியநாயகியோடு கதையே இல்லை. ஏச்சு வாங்கினவர் உறவு, வாங்காதவர் அந்நியம். அந்தக் கரையில் இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

இதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. பிரேதம் இல்லாத இடத்தில் ஒப்புச் சொல்லக்கூடாது. சும்மா இருக்கிற வீட்டில் ஒப்புப் பாடினால் சாவை வலியப்போய் அழைத்து வந்து கதிரை போட்டு இருத்துகிற வேலை. மற்றது, எல்லோரையும் ஏசி முடித்து, கடைசியில் பாடுகிறவள் தன்னை ஏசவேண்டும். அவள் தன்னை ஏசி முடித்ததும் ஆண்கள் பெட்டியைத் தூக்குவார்கள். அது வரைக்கும் பெட்டியில் ஒருவரும் கை வைப்பதில்லை.

அவளுடைய மனிசன் வின்சன்ற் கதை குறைந்த ஆள். கிழிந்த வலை பொத்துவான், கடலுக்குப் போவான், பொழுதுபட்டால் செபமாலை உருட்டுவான். செத்த வீடுகளில் பெட்டியின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். சொந்தக்காரர் சாவென்றால் அவனுக்கும் பாட்டில் ஓர் ஏச்சு விழும். “வீட்டிலை கிடைக்கிறது காணாதெண்டு இஞ்சையும் வாங்குறான்” என்று கூட்டாளிமார் நக்கலடித்தால் அதற்கும் சிரிப்பான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை மூண்டபோது குருநகரில் இருக்க ஏலாமல் போயிற்று. எடுக்கக் கூடியதை எடுத்துக்கொண்டு சனம் உள்ளூருக்கு ஓடியது. மரியநாயகியும் வின்சன்றும், அவளுடைய தம்பி கனிசியஸ் குடும்பமும் உரும்பிராய்க்கு வந்து சேர்ந்தார்கள். பியாட்றிஸ் ரீச்சர் என்ற மெதடிஸ்த மனுஷி தன் வாழைத் தோட்டத்துக்குப் பின்னால் இரண்டு கொட்டில் போட இடம் கொடுத்தார். பெண்கள் பாடசாலையில் காலம் முழுக்கத் தமிழ் படிப்பித்து இளைப்பாறியவர். வேதக்காரர் என்றாலும் வேறு சபை. ஆனால் குண்டு விழுகிற நாளில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? கடற்கரை மணலில் நடந்து பழகிய கால்களில் செம்மண் அப்பிக்கொண்டு கழுவினாலும் போகவில்லை என்பதுதான் மரியநாயகியின் ஒரே முறைப்பாடு.

ஆண்கள் சைக்கிளில் கரைக்குப் போய்க் களப்புக் கடலில் மீன் தொழில் செய்தார்கள். பகலில் வள்ளத்தைக் கண்டால் நேவி சுடும். அதனால் இருட்டில், வெளிச்சமில்லாமல் போய்த் திரும்பவேண்டும். திரும்பி வருகிறவர்களுக்குத் துறை தெரிய ஓர் ஆள் கரையில் அரிக்கன் லாம்பு பிடிப்பார். மண்ணெண்ணெய் தட்டுப்பாடான காலத்தில் வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தாலும் அந்த லாம்புக்கு மட்டும் எல்லோரும் எண்ணெய் சேர்த்துக் கொடுத்தார்கள். கரைவிளக்குக்கு ஆள் முறை வைத்துப் பிடிப்பது வழக்கம். ஹெலிச் சத்தம் கேட்டால் உடனே ஈரச் சாக்கைப் போட்டு லாம்பை அணைத்து நூர்த்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் கரையில் நிற்கிற அத்தனை வள்ளத்துக்கும் அடி விழும்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாசி மாதம், விபூதிப் புதனுக்கு முன்னால், கரைவிளக்கு வின்சன்றின் முறையாக இருந்த இரவில் ஹெலி வந்தது. அவன் லாம்பை நூர்த்தான். கரையை அணுகியிருந்த வள்ளங்கள் தப்பின. கடைசியாய் வந்துகொண்டிருந்த கனிசியஸின் வள்ளம் துறை தெரியாமல் திசை மாறிப் போயிற்று. இரண்டு நாள் கழித்து அவனுடைய உடல் நாவாந்துறைப் பக்கம் ஒதுங்கியது. உடம்பில் துவக்குச் சூட்டுக் காயம் இருந்தது.

தம்பியின் பெட்டிக்குப் பக்கத்தில் மரியநாயகி குந்தினாள். அவனுடைய மனிசி ஸ்ரெல்லா அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். பாரிசில் இருக்கிற மூத்த தமையன் நீக்கிலாப்பிள்ளையை மரியநாயகி முதலில் ஏசினாள்:

*கடல் கடந்த கூடப்பிறப்பு – என்ரை ராசா*
*காகிதத்தால் வளர்த்ததென்ன*
*கூப்பிடுறன் எண்ட வாக்கு – என்ரை ராசா*
*உப்புத் தண்ணி ஆனதென்ன*

பிறகு குதிரையில் வருகிற ஊர்க் காவலர் புனித யாகப்பரை, அவருடைய குதிரைக்குக் கால் நொந்ததோ என்று கேட்டாள். வள்ளம் கட்டிய ஆசாரியைக் கேட்டாள். அதற்குப் பிறகு தலையை நிமிர்த்தி, கால்மாட்டில் நின்ற வின்சன்றைப் பார்த்தாள்.

*கரைவிளக்கு நூர்ந்ததடா – என்ரை ராசா*
*கைவிளக்கை நூர்த்ததாரோ*
*துறை காக்க நிண்டவரே – என்ரை ராசா*
*துணையில்லாமல் விட்டதென்ன*

வின்சன்ற் தலை குனிந்து நின்றான். இனித் தன்னை ஏசவேண்டிய இடம். ஆண்கள் பெட்டியைத் தூக்க ஆயத்தமாய் நின்றார்கள். மரியநாயகி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஸ்ரெல்லாவின் மடியில் சரிந்தாள். மயக்கம் என்று தண்ணீர் தெளித்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, சுவாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வின்சன்ற்தான், “தூக்குவம்” என்று சொல்லி முதலில் கை வைத்தான். ஒப்பு முடியாமல் தூக்கின பெட்டி அந்த ஊர்ச் சனம் அறிய அது ஒன்றுதான்.

செத்த வீட்டுக்கு வரமுடியாத வெளிநாட்டுக்காரருக்கு ஒப்பைக் கசற்றில் பிடித்து அனுப்புவது அந்தக் காலத்தில் வழக்கமாகியிருந்தது. சுன்னாகத்தில் ஒருகாலம் றெக்கோடிங் பார் வைத்திருந்த தம்பிஐயா இதைச் செய்து கொடுத்தார். கரண்ட் இல்லாத ஊரில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் வயர் கொழுவி, ஓர் ஆள் பெடலை உழக்க உழக்கப் பதிவாகும். சாவீட்டு வாசலில் நாற்பது வயது மனுஷன் நின்ற சைக்கிளை வேர்க்க வேர்க்க உழக்குவதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதுதான்.

கனிசியஸின் ஒப்பையும் பாரிசுக்காக அப்படிப் பிடித்து, அனுப்புவதற்கு முன் மரியநாயகியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். தமையனை ஏசினது அவளுக்கே கூசிற்று.

“தம்பிஐயா, அண்ணையை ஏசினதை எடுத்துவிடும். பிறதேசத்திலை தனிய இருந்து கேக்கிற மனிசன், நொந்துபோவார். யாகப்பரை ஏசினதும் வேண்டாம். அண்ணியார் பக்திக்காரி. ஆசாரியாற்றை மகனும் பாரிசிலைதான், அதையும் எடும்.”

“அப்ப இந்த லாம்புப் பாட்டு, அக்கா?”

“அது இருக்கட்டும். என்ரை மனிசனைத்தானே ஏசினனான். அதை ஆர் கேக்கப்போகினம்.”

நன்றாய் யோசித்துத்தான் சொன்னாள். ஊராரை ஏசினதை மறைக்கவேண்டும், வீட்டாளை ஏசினதில் என்ன வெட்கம்? கொழும்புக்குப் பாஸ் எடுத்த ஒரு மனுஷியின் பையில் கசற் போனது. சோதனைச் சாவடியில், அந்த நாளில் குடாநாட்டை வைத்திருந்த இயக்கப் பெடியள் பையைக் கொட்டினார்கள், கசற்றைப் போட்டுக் கேட்டார்கள். துறை காக்க நின்றவன், விளக்கை நூர்த்தான், வள்ளத்தை விட்டான். வேறொன்றும் அதில் இல்லை. கரையிலிருந்து யாரோ விளக்குக் காட்டி நேவிக்குத் தகவல் கொடுக்கிறார்கள் என்று முன்னமே ஒரு சந்தேகம் இருந்து வந்தது. அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு திங்கட்கிழமை காலமை வின்சன்ற் வலை பொத்திக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் வந்தார்கள். “சின்ன விசாரணை அம்மா, பின்னேரம் வந்திடுவார்” என்றார்கள். அந்தச் சொல்லின் கருத்து யாழ்ப்பாணத்தில் பால்குடிக்கும் தெரியும். வின்சன்ற் வலை ஊசியை நூலோடு சுற்றி வேலியில் செருகிவிட்டு, சேட்டைப் போட்டுக்கொண்டு போனான். பின்னேரம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

முகமெல்லாம் வெளிறித் தம்பிஐயா வந்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

“என்னையும் கூப்பிட்டுக் கேட்டவங்கள், அக்கா. துறை காக்க நிண்டவர் ஆர் எண்டு. பாடினவவின்ரை மனிசன் எண்டு சொல்லிப்போட்டன். எனக்கென்ன தெரியும் உது இப்பிடி வருமெண்டு.”

மரியநாயகி அவரை ஏசவில்லை. நிலத்தில் குந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வாயால் அல்லவா அவன் போனான்? துரோகி என்று விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்துச் சுடப்பட்டவர்களை அவள் சந்தைக்குப் போகும்போது கண்டிருக்கிறாள். கழுத்தில் குற்றம் எழுதின மட்டை தொங்கும். அந்த மட்டையில் தன் பாட்டை எழுதிவைப்பார்களோ என்று நினைத்தாள்.

போய் விளக்கம் சொல்லவேண்டும் என்றார் பியாட்றிஸ் ரீச்சர். முழங்கால் வாதத்தோடு கதிரையில் இருந்தபடி அந்த நாலு வரியையும் நாலைந்து தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

“விளக்கெண்டா உயிர், நாயகி. பாட்டிலை எப்பவும் அப்பிடித்தான். கரை எண்டால் இந்த உலகம். துறை காக்கிறவர் கடவுள். கடவுளே, என்ரை தம்பியின்ரை உயிரை ஏன் அணைச்சனீர் எண்டு நீ கேக்கிறாய். இதைப் பிழையெண்டு ஒருத்தரும் சொல்லேலாது. அப்பிடியே போய்ச் சொல்லு.”

ரீச்சர் சொன்னால் எல்லாம் அழகாய்த்தான் இருந்தது. மரியநாயகி வழிநெடுக அதைச் செபம்போல மனனம் பண்ணிக்கொண்டு போனாள்.

விசாரணை நடக்கிற முகாம் வெளிநாடு போன யாரோ ஒருவருடைய கல்வீடு. வாசலில் மல்லிகைப் பந்தல்கூட அப்படியே நின்றது. முன் அறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, மூலையில் ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிள். சைக்கிளுக்குப் பக்கத்தில் தம்பிஐயா நின்றார்; அவரையும் கசற் செற்றோடு கூப்பிட்டிருந்தார்கள். அறையின் இரண்டு பக்கமும் மூடின கதவுகள். இதில் எதற்குப் பின்னால் வின்சன்ற் இருக்கிறான், இருக்கிறானா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

பொறுப்பாளருக்கு முப்பது வயது இருக்கும். சத்தம் போடாத, களைத்த முகம். சத்தம் போட்டிருந்தால் அவளுக்குப் பயம் குறைந்திருக்கும்.

“போடுங்கோ, அண்ணை” என்றான். தம்பிஐயா ஏறி உழக்கினார். அவளுடைய குரல் அறைக்குள் வந்தது. தன் ஒப்பைத் தானே பகல் வெளிச்சத்தில், பிரேதம் இல்லாத இடத்தில் கேட்க அவளுக்கு மேல் கூசியது. தம்பிஐயாவின் கால் தளரும்போது குரலும் தடித்து, ஓர் ஆம்பிளை அழுகிறதுபோல இழுபட்டது.

“இதிலை விளக்கு எண்டு எதைச் சொல்லுறியள், அம்மா?”

“உயிர், தம்பி.”

“துறை காக்க நிண்டவர்?”

“கடவுள்.”

“வடிவான விளக்கம். ஆர் சொல்லித் தந்தது?”

அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடினாள்.

“கடவுள் குருநகர்த் துறையிலை முறைவைச்சு லாம்பு பிடிக்கிறவரோ? உங்கடை மனிசன் என்ன சொல்லுறார் தெரியுமோ? ‘என்ரை மனிசி செத்தவீட்டிலை பொய் பாடமாட்டா. அவ பாடினது சரி. நான்தான் நூர்த்தனான், அவன் என்னாலைதான் செத்தவன்.’ இதுதான் சொல்லுறார். ஏன் நூர்த்தனீர் எண்டு கேட்டா வாயே திறக்கிறாரில்லை. இனி நான் என்ன செய்யவேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ.”

பாவி மனிசன். பெட்டியின் கால்மாட்டில் தலை குனிந்து நின்றது வழக்கமான நிற்பு என்றல்லவா நினைத்தாள்? அந்த நாலு வரியையும் தீர்ப்பாக வாங்கிக்கொண்டு போய் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறான். அத்தனை நாளும் ஒரே பாயில் படுத்தும் அவன் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

“ஹெலி வந்தது, தம்பி” என்றாள். “உரும்பிராய்க்கே சத்தம் கேட்டது. நான் பாயிலை எழும்பி இருந்தனான். ஹெலி வந்தா லாம்பை நூர்க்கவேணும். நூர்க்காட்டித்தான் குற்றம். அண்டைக்கு அவர் நூர்த்தபடியாலை மற்ற வள்ளக்காரர் உயிரோடை இருக்கினம். கேட்டுப்பாருங்கோ.”

“கேட்டனான். அவையும் அதைத்தான் சொன்னவை. ஆனா அவை அவரின்ரை கூட்டாளிமார். நீங்கள் கூடப்பிறந்தவ. உங்களுக்கு இது தெரிஞ்சிருந்தா, ஏன் அந்தாள்தான் அவனைக் கொன்றது எண்டு பாடினியள்?”

“நான் எல்லாரையும் பாடினனான்.”

“கசற்றிலை ஓராள்தானே.”

தம்பிஐயா உழக்குவதை நிறுத்தினார். “நான் வெட்டினனான், தம்பி” என்றார். “பாரிசிலை இருக்கிற தமையனை ஏசினது, யாகப்பரை ஏசினது, ஆசாரியை ஏசினது. இவ வெட்டச் சொன்னவ. வெட்டின துண்டுக்கு மேலை வேறை பாட்டுப் பிடிச்சிட்டன். இப்ப என்னட்டை இல்லை.”

செத்த வீட்டில் ஒருவரையும் விடாமல் ஏசுவதுதான் தங்களுடைய முறை என்றும், விட்டால்தான் கோபிப்பார்கள் என்றும் மரியநாயகி சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே நம்பமுடியாத கதையாய்க் கேட்டது. பொறுப்பாளர் கதிரையில் சாய்ந்தான்.

“அப்ப முழுக்கப் பாடுங்கோ. இப்ப. கேக்கிறன்.”

“ஐயோ தம்பி, அது ஏலாது. பிரேதமில்லாமல் பாடக்கூடாது. அவர் இஞ்சை எங்கையோ உயிரோடை இருக்கிறார். நான் பாடினா அது அவரிலை விழுந்திடும்.”

“பாடாட்டி எனக்கிட்டை இந்தக் கசற்றும் அவரின்ரை வாயும்தான் இருக்கு, அம்மா.”

இரண்டு பக்கமும் சாவு நிற்கிற இடத்தில் மனுஷி எந்தப் பக்கம் திரும்புவாள்? அவள் நிலத்தில் குந்தினாள். இடது பக்கக் கதவுக்கு வெளியில் ஒரு செருப்புச் சோடி கிடந்தது. ஆள் வைத்திருக்கிற அறை அதுதான் என்று நினைத்தாள். பாட்டு அவன்மேல் படாமலிருக்க அதற்கு முதுகைக் காட்டி, வலது பக்கக் கதவைப் பார்த்து இருந்தாள். சிலுவை போட்டாள். தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

தமையனை ஏசினாள். யாகப்பரை, அவருடைய குதிரையை ஏசினாள். வள்ளத்தை ஏசினாள். லாம்புப் பாட்டையும் விடாமல் பாடினாள். பாடப் பாட, அந்த மாசி வெயிலில் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அதே இடத்துக்கு வந்துவிட்டாள். தன்னை ஏசவேண்டிய இடம். முன்பு வாய் அடைத்தது மயக்கத்தால் அல்ல என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இந்த முறை விட்டால் வின்சன்ற் இல்லை. பாடினாள்.

*பயமெண்டு நீ இருந்தாய் – என்ரை ராசா*
*பாயை விட்டு எழும்பாமல்*
*அயலெல்லாம் போறாங்கள் – எண்டு சொல்லி*
*அக்கா தானே ஏசிவிட்டன்*

*மீசை என்ன மீசையெண்டு – என்ரை ராசா*
*வாசலிலை வைச்சுக் கேட்டன்*
*வாயாலை தள்ளிவிட்டன் – என்ரை ராசா*
*வள்ளத்திலை ஏத்திவிட்டன்*

பாடி முடிந்தபோது தம்பிஐயா சைக்கிள் சீற்றில் முகத்தைப் புதைத்திருந்தார். பொறுப்பாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதை ஏன் செத்தவீட்டிலை பாடேல்லை?”

“பாடினா நான்தான் எண்டு எனக்குத் தெரிஞ்சிடும், தம்பி. பக்கத்து வள்ளத்துக்கு வெடி பட்ட நாளிலையிருந்து அவன் கடலுக்குப் போகமாட்டன் எண்டு படுத்திருந்தவன். நான்தான் வாசலிலை நிண்டு நாலு பேர் கேக்க ஏசினனான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஒப்பு ஆளைக் கேட்டது. கிட்ட நிண்ட ஆளைக் குடுத்துப்போட்டன்.”

வெளியில் யாரோ வாளியில் தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்டது. பொறுப்பாளர் திடீரென்று கேட்டான்:

“நான் செத்தா என்ரை அம்மா ஆரை ஏசுவா?”

இதற்கு என்ன சொன்னாலும் பிழையாகும் என்று மரியநாயகிக்குத் தெரிந்தது. தம்பிஐயாவும் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

“எல்லாரையும் ஏசுவா, தம்பி” என்றாள். “கடைசியிலை தன்னைத்தான் ஏசுவா.”

அவன் கசற்றை எடுத்து அவளிடம் நீட்டினான். போகச் சொன்னான். மனிசனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, கேட்டு இருக்கிறதையும் கெடுத்துக்கொள்ளப் பயம்.

அடுத்த நாள் பின்னேரம் வின்சன்ற் நடந்து வந்தான். வேலியில் செருகின ஊசி அந்த இடத்திலேயே இருந்தது. ஸ்ரெல்லா ஓடிவந்து அழுதாள், ரீச்சர் தடியை ஊன்றிக்கொண்டு கொட்டில் வரைக்கும் வந்துவிட்டார். மரியநாயகி கஞ்சி வார்த்து வைத்தாள். அவன் பாதி குடித்துவிட்டு மெதுவாய்ச் சொன்னான்:

“நேற்று நீ பாடினது கேட்டது.”

“எங்கை இருந்தனீங்கள்?”

“நீ பாத்துப் பாடின கதவுக்குப் பின்னாலை.”

அவளுடைய கையிலிருந்த அகப்பை விழுந்தது.

“நான் எனக்குத்தான் எண்டு நினைச்சன்” என்றான் வின்சன்ற். “தம்பியின்ரை பேரைச் சொல்லேக்கை, சரி, அவனைக் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டு என்னை அனுப்பப் போறாள் எண்டு நினைச்சன். ஒவ்வொருத்தரா ஏசிக்கொண்டு வந்தாய். நீ உன்னை ஏசத் தொடங்க, இனித் தூக்க வருவாங்கள் எண்டு எழும்பிச் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிண்டன்.”

மரியநாயகி அவனுடைய காலடியில் குந்தி அழுதாள். பாட்டில்லாமல், சும்மா, குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதாள். அவன் அவளுடைய தலையில் கையை வைத்தபடி மிச்சக் கஞ்சியையும் குடித்தான். லாம்பைப் பற்றி அதற்குப் பிறகு இருவரும் கதைத்ததில்லை. கதைக்க ஒன்றும் மிச்சமில்லை.

கசற் பாரிசுக்குப் போகவில்லை. நீக்கிலாப்பிள்ளை இரண்டு மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டு விட்டுவிட்டார். மரியநாயகி மற்ற வீடுகளின் சாவுகளுக்குத் தொடர்ந்து போனாள். ஆனால் ஊராருக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. முந்தி ஏசின ஏச்சில் பாதிதான் இப்போது. தன்னை ஏசும் பாட்டைக் கடைசிக்கு வைக்காமல் சில வேளை தொடக்கத்திலேயே பாடிவிடுவாள். தூக்க நிற்கிறவர்கள் குழம்பிப்போய் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். “நாயகிக்கு முறை மறந்துபோச்சு” என்று சிலர் குறைப்பட்டார்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசிக் கடைசியில், ஆமி நெருங்க, மழையில், ஊரே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த நெரிசலில் மரியநாயகியும் வின்சன்றும் ஒரு சைக்கிளில் வலையையும் சட்டி பானையையும் கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இடம் கிடைத்தது. அங்கே அவனுக்கு வயிற்றோட்டம் கண்டது. மருந்து வரும் என்றார்கள், வரவில்லை. கார்த்திகை பிறந்து சில நாளில் வின்சன்ற் அவளுடைய மடியிலேயே போய்விட்டான்.

பள்ளிக்கூட வாங்குப் பலகைகளைப் பிரித்துப் பெட்டி செய்தார்கள். மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் வகுப்பறை நடுவில் வைத்தார்கள். குருநகர்ச் சனம் எங்கெங்கோ சிதறிக் கிடந்தாலும் கேள்விப்பட்டு வந்து சேர்ந்துவிட்டது. தம்பிஐயாவும் வந்தார், சைக்கிள் இல்லாமல். இப்போது பாடுவாள் என்று பெண்கள் அவளைச் சுற்றி நெருங்கினார்கள். இந்த மனிசனுக்குப் பாடாமல் வேறு யாருக்குப் பாடப்போகிறாள்?

மரியநாயகி பெட்டிக்குப் பக்கத்தில் குந்தவில்லை. கால்மாட்டில், வின்சன்ற் எப்போதும் நிற்கிற இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. நேரம் போயிற்று. மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. தூக்க வந்த ஆண்கள் பெட்டியில் கை வைக்கத் தயங்கி நின்றார்கள்.

“அக்கா, சொல்லுங்கோவன்” என்றாள் ஸ்ரெல்லா. “நீங்கள் பாடினால்தானே தூக்கலாம்.”

மரியநாயகி தலையை ஆட்டினாள்.

“இவருக்குள்ளதை அண்டைக்கே பாடி முடிச்சிட்டன்” என்றாள். “அவரும் கேட்டவர். நீங்கள் தூக்குங்கோ.”

அவர்கள் தூக்கினார்கள்.